பள்ளத்தாக்கின் கொடிவழி

ஓர் ஊரை அறிய விரும்புவோர் அதன் கோயிலையும் கடைத்தெருவையும் முதலில் தேடுவது வழக்கம். வேலியோரத்தில் நிற்கும் செடிகொடிகளை நோக்கி, இவை எங்கிருந்து வந்தன, எப்போது வந்தன என்று வினவுவோர் மிகச் சிலரே. ஆயினும் மன்னர்களின் கதையைக் காட்டிலும் நீண்டதொரு கதையை அச்செடிகள் வைத்திருக்கின்றன. மண்ணின் மைந்தர் யார், வந்தேறி யார் என்று மனிதர் வழக்காடும் இந்நாளில், மரஞ்செடிகளின் வரலாறு நமக்குக் கற்பிக்கக்கூடியது மிகுதி. அக்கல்வியைத் தேடித் தேனியை அடுத்த அல்லிநகரத்திலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் தென்கோடி வரை பயணம் செய்தோம். அங்குக் கண்டவற்றையும், அவை நம்மைத் தொலைவிலுள்ள மத்தியதரைக் கடல் தீவொன்றுக்கு இட்டுச் சென்ற விதத்தையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

அல்லிநகரம்

இன்று தேனி என்ற பெயரே எங்கும் வழங்குகிறது. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இருப்புப்பாதை அமைந்ததும், சந்தை வளர்ந்ததும் தேனியைப் பெரிய ஊராக்கின. ஆனால் 1964ஆம் ஆண்டில் தோன்றிய நகராட்சி இன்றளவும் தேனி-அல்லிநகரம் என்ற இரட்டைப் பெயரையே தாங்கி நிற்கிறது. 1996ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்திலிருந்து தேனி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அகல இரயில்பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் நின்றிருந்த புகைவண்டி 2022ஆம் ஆண்டில் தேனிக்கும், 2023ஆம் ஆண்டில் போடிக்கும் மீண்டும் வந்தது.

அல்லி நீரில் வாழும் மலர். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில், வெயில் காயும் இந்நிலத்தில் ஊரின் பெயரிலேயே ஒரு நீர்ப்பூ இருப்பது நமக்கு ஒன்றை உணர்த்துகிறது. கண்மாய் நிறைந்தால் அல்லி உண்டு. கண்மாய் வற்றினால் பெயர் மட்டுமே எஞ்சும். இவ்வட்டாரத்தின் செடிகொடிகள் அனைத்தின் கதையும் இந்த ஒரு மலரில் அடங்கிவிடுகிறது எனலாம்.

ஊரைச் சூழ்ந்த மேட்டு நிலங்களில் ஆவாரையும் எருக்கும் மண்டிக் கிடக்கின்றன. வேம்பும் புங்கும் நிழல் தருகின்றன. மலையடிவாரத்தில் உசிலை மரங்களைக் காண்கிறோம். இதன் இலையை உலர்த்திப் பொடித்துத் தலைக்குத் தேய்த்து முழுகும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. மதுரை சாலையிலுள்ள உசிலம்பட்டிக்குப் பெயர் தந்ததும் இம்மரமே. இவை யாவும் எவர் நட்டும் வளராதவை. நம் முன்னோருக்கும் முன்னோராக இங்கு நிற்பவை.

ஆனால் அவற்றின் நடுவே ஓங்கி நிற்கும் புளியமரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது என்று சொன்னால் நம்புவோர் எத்தனை பேர்? புளியின்றி நம் வீட்டுக் குழம்பு ஏது? வரப்போரத்து மிளகாயும், கொல்லையிலுள்ள கொய்யாவும் பப்பாளியும், காட்டில் விளையும் நிலக்கடலையும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. கப்பலேறி வந்து ஐந்நூறு ஆண்டுகள்கூட நிறையாத இவற்றை நாம் அயலாராக எண்ணுவதே இல்லை. வருசநாட்டுப் பக்கமும் போடிப் பக்கமும் மெத்தைக்குப் பஞ்சு தரும் இலவ மரமும் அமெரிக்க வழியினதே. மறுபுறம், பெரியகுளத்திலுள்ள தோட்டக்கலைக் கல்லூரி 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கை இங்கிருந்து உலகின் பல நாடுகளுக்குச் சென்றிருக்கிறது. செடிகள் வருவது மட்டுமன்று, போவதும் உண்டு.

தண்ணீர் வந்த வழி

அல்லிநகரத்தை விட்டுத் தெற்கே வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஏறத்தாழ 50 கிலோமீட்டர் செல்கிறோம். இருபுறமும் மலை. நடுவே பச்சை வயல். மழை மறைவு நிலத்தில் இப்பசுமை எவ்வாறு வந்தது?

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய தாது வருடப் பஞ்சம் எண்ணற்ற உயிர்களைக் குடித்தது. மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலில் கலந்த பெரியாற்று நீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பும் பழைய திட்டம் அதன் பின்னர் உயிர் பெற்றது. கர்னல் பென்னிகுயிக் என்னும் பொறியாளர் வெள்ளத்தோடும் காய்ச்சலோடும் போராடி அணையைக் கட்டி முடித்தார். 1895ஆம் ஆண்டில் அந்நீர் பள்ளத்தாக்கில் இறங்கியது. இன்று 14,707 ஏக்கர் நிலத்தில் இருபோக நெல் விளைவது அந்நீராலேயே. இவ்வட்டார இல்லங்களில் அந்த ஆங்கிலேயரின் படம் மாட்டப்பட்டிருப்பதையும், பிள்ளைகளுக்கு அவர் பெயர் இடப்படுவதையும் காணலாம். தெய்வங்களோடு சேர்த்துப் பொங்கல் நாளில் அவரையும் நினைக்கிறார்கள். நன்றி மறவாத மக்கள்.

வயலோரத்தில் தென்னையும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் தொடர்கின்றன. உத்தமபாளையத்தைத் தாண்டியதும் காட்சி மாறுகிறது. நிமிர்ந்து நிற்கும் கல்தூண்கள். அவற்றின்மேல் கம்பி வலை. வலையின்மேல் பச்சைக் கூரை. கூரைக்குக் கீழே கருநீலக் குலைகள். ஆனைமலையன்பட்டி, இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று நீளும் திராட்சை நாடு இதுவே.

திருப்பலிப் பீடத்தின் கொடி

இப்பகுதிக்குத் திராட்சையைக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு நாட்டுக் குரு ஒருவர் என்பதும், அது 1832ஆம் ஆண்டில் நிகழ்ந்தது என்பதும் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 2023ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் இச்செய்தியே எடுத்துரைக்கப்பட்டது.

ஒரு குருவுக்குத் திராட்சையின்மீது இத்தனை நாட்டம் ஏன் என்று கத்தோலிக்க வாசகர் வினவமாட்டார். திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்தே வரவேண்டும். அது கெடாததாகவும் இருக்க வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பும் இதனை உறுதி செய்கிறது. கப்பலில் வரும் இரசம் மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும். வெயிலில் புளித்தும் போகும். எனவே மறைபரப்பாளர் சென்ற நாடுகள் பலவற்றிலும் செபமாலையோடு ஒரு கொடித் தண்டும் சென்றது.

இங்கு ஒரு நுட்பமான செய்தியையும் குறிப்பிட வேண்டும். நாம் பன்னீர் திராட்சை என்று அழைப்பதைத் தோட்டக்கலை அறிஞர் மஸ்கட் ஹாம்பர்க் என்பர். பெயரில் ஜெர்மானிய நகரம் இருப்பினும், இவ்வகை உருவானது இங்கிலாந்தின் கண்ணாடிப் பசுமைக் குடிலொன்றில். காலம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. 1832ஆம் ஆண்டில் இவ்வகை பிறந்திருக்கவே இல்லை. ஆகவே அக்குரு இம்மண்ணுக்குத் தந்தது திராட்சை வளர்க்கும் பழக்கத்தை. இன்று பந்தலில் தொங்கும் வகையோ அவருக்குப் பின் வந்து சேர்ந்தது என்று கொள்வதே பொருத்தம். இதனால் அவர் புகழ் குன்றாது. விதைத்தவர் ஒருவர், அறுப்பவர் வேறொருவர் என்பது நாம் அறிந்த உண்மைதானே.

மஸ்கட் ஹாம்பர்க்கின் பெற்றோர் இருவருள் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட் எனப்படும் மிகப் பழைய வகை. அதன் மணமே நம் பன்னீர் திராட்சைக்குப் பன்னீர் என்ற பெயரை வாங்கித் தந்திருக்கிறது. அந்த மூதாதையைத் தேடிச் செல்வோமாயின், சிசிலிக்கும் துனீசியாவுக்கும் இடையே கடலில் கிடக்கும் பாந்தெல்லேரியா என்னும் சிறிய தீவில் போய் நிற்போம்.

கருங்கல் தீவு

பாந்தெல்லேரியா எரிமலை கக்கிய தீவு. பரப்பு 83 சதுர கிலோமீட்டர். மிக உயர்ந்த சிகரம் 836 மீட்டர். ஆறு இல்லை. கோடையில் மழை இல்லை. ஆண்டு முழுவதும் காற்று ஓயாது வீசும். அங்கு அலெக்சாந்திரியா மஸ்கட்டுக்கு அரபு மொழியிலிருந்து வந்த ஜிபிப்போ என்ற பெயர் வழங்குகிறது. உலர்ந்த திராட்சை என்பது அதன் பொருள்.

அத்தீவில் பந்தல் இல்லை. பந்தல் கட்டினால் காற்று கொண்டுபோய்விடும். ஒவ்வொரு கொடியையும் நிலத்தில் ஆழமற்ற குழி பறித்து அதனுள் புதர்போல் வளர்க்கிறார்கள். குழி காற்றைத் தடுக்கிறது. கிடைக்கும் சொற்ப ஈரத்தையும் காக்கிறது. கையால் மட்டுமே செய்யக்கூடிய இவ்வேளாண்மையை 2014ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. ஒரு பயிர்த்தொழில் அப்பெருமையைப் பெறுவது அரிது. அங்கு ஒலிவ மரங்களையும் நெடிது வளரவிடாமல் தரையோடு தாழ்த்தி வளர்க்கிறார்கள். ஒற்றை ஆரஞ்சு மரத்தைக் காக்க அதனைச் சுற்றிக் கூரையில்லாத வட்டக் கற்கோட்டை எழுப்புவதும் உண்டு. ஒரு மரத்திற்கு ஒரு கோட்டை! வறுமையிலும் மனிதன் செடிக்குச் செய்யும் மரியாதை அது.

அங்கு ஆண்டுக்கு ஓர் அறுவடை. குளிர்காலத்தில் கொடி உறங்கும்; இளவேனிலில் விழிக்கும்; கோடையின் முடிவில் கனி தரும். கம்பம் பள்ளத்தாக்கிலோ கொடியை உறங்க வைக்கும் குளிர் இல்லை. அதனை எழுப்புவது கத்தரியே. கவாத்துச் செய்த நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் குலை பழுக்கிறது. ஆண்டுக்கு இரண்டு அறுவடைக்குக் குறைவதில்லை. ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் அறுவடை நடப்பதால், ஆண்டின் எல்லாத் திங்களிலும் இங்குப் பழம் கிடைக்கிறது. மத்தியதரைக் கடலோர உழவர் இதனைக் கண்டால் கண்களை நம்பமாட்டார்கள்.

காமயகவுண்டன்பட்டி அருகே பிஞ்சு கழித்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் கவாத்தைப் பற்றிக் கேட்டோம். "கத்தரி படாத கொடி எலயத்தான் ஐயா குடுக்கும், பழத்தக் குடுக்காது," என்றார். யோவான் நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம்மைத் திராட்சைக் கொடியாகவும் தந்தையைத் தோட்டக்காரராகவும் உவமித்தது நம் நினைவுக்கு வந்தது. அவ்வுவமையை விளங்கிக்கொள்ள அம்மூதாட்டிக்கு விரிவுரை வேண்டியதில்லை.

உறவுமுறை

தாவர நூலார் செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பர். பூவும் காயும் அமைந்த முறையே அங்குக் கொடிவழி. அக்கணக்கைப் பார்த்தால் அல்லிநகரத்து வேலிக்கும் பாந்தெல்லேரியாத் தீவுக்கும் எதிர்பாராத உறவு வெளிப்படுகிறது.

முதலாவது பிரண்டை. கள்ளிமேல் படர்ந்து, நான்கு பட்டையாய்க் கணுக்கணுவாய் நீளும் இக்கொடியைத் துவையலுக்காகப் பறிப்போர் பலர். அது திராட்சையின் குடும்பத்தைச் சேர்ந்தது என்று அறிந்தோர் சிலர். கணுவில் தோன்றும் சுருள் பற்றுக்கம்பியையும், சிறு கனியையும் உற்று நோக்குவோர்க்கு உறவு விளங்கும். பிரெஞ்சுக் குரு தம் கொடியோடு வருமுன்னரே அதன் உறவினர் இங்கே வேலியில் காத்திருந்தார்!

இரண்டாவது ஆதொண்டை. முட்கள் நிறைந்த இக்காட்டுக்கொடியின் காயை வற்றல் போடுவர். பாந்தெல்லேரியாவின் பெயரை உலகறியச் செய்த கேப்பர் என்னும் மொட்டு, இதே இனத்துச் செடியில் பறிக்கப்படுவது. அவர்கள் உப்பிலிட்டு வைப்பது மொட்டை. நாம் வற்றலிடுவது காயை.

மூன்றாவது மல்லிகை. விவிலியத்தின் ஏடுதோறும் மணக்கும் ஒலிவ மரமும், ஆண்டிபட்டி வட்டாரத்து உழவர் விடியுமுன் பறித்துச் சந்தைக்கு அனுப்பும் மல்லிகையும் ஒரே குடும்பம். எண்ணெய் தரும் மரமும் மணம் தரும் கொடியும் உடன்பிறந்தார் மக்கள்.

உறவு பேச்சளவில் நிற்பதன்று. ஆபத்தில் உதவுவதும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேரைத் தின்னும் பூச்சியொன்று அமெரிக்காவிலிருந்து வந்து ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. அப்பூச்சியைத் தாங்கி நிற்கும் அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டியே அவற்றை மீட்டார்கள். இன்று நம் நாட்டிலும் வறட்சியையும் உப்பு மண்ணையும் தாங்குவதற்காக அத்தகைய காட்டு வேரில் கொடியை ஒட்டுகிறார்கள். அயலான் வேராக நின்று தாங்க, உள்ளூர்க்காரன் கனி தருகிறான்.

மலைமேல் தீவுகள்

பள்ளத்தாக்கின் கிழக்குச் சுவராக நிற்பது மேகமலை. சின்னமனூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறினால் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் தேயிலைத் தோட்டங்களும் அவற்றைச் சூழ்ந்த காடும் தெரிகின்றன. உயர்ந்த மலைகளில் புல்வெளிகளின் நடுவே, பள்ளங்களில் மட்டும் திட்டுத்திட்டாக நிற்கும் சோலைக்காடுகள் உண்மையில் தீவுகளே. கடலுக்குப் பதில் புல் சூழ்ந்திருக்கிறது, அவ்வளவுதான் வேற்றுமை. மேற்குத் தொடர்ச்சி மலையில் 7,000க்கு மேற்பட்ட பூக்கும் தாவரங்கள் உள்ளன. அவற்றுள் பல வேறெங்கும் வளராதவை. 2012ஆம் ஆண்டில் இம்மலைத் தொடரின் 39 பகுதிகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2021ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் தோன்றியது.

போடி ஏலச் சந்தையில் விலை பேசப்படும் ஏலக்காயும், அதனோடு வரும் மிளகும் இம்மலைத் தொடரையே தாயகமாகக் கொண்டவை. அராபியரையும் போர்த்துக்கீசியரையும் கடல் கடந்து இழுத்துவந்தவை இவையே. ஏலச்செடிக்கு நேர்வெயில் ஆகாது; பெருமரங்களின் நிழலில் மட்டுமே அது செழிக்கும். எனவே ஏலம் வாழக் காடு வாழ வேண்டும். அக்காயைப் பறிக்க விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு மலையேறும் பெண்களை நாம் மறத்தலாகாது. ஏலக்காய் மணக்கும் ஒவ்வொரு விருந்திலும் அவர்கள் உழைப்பு கலந்திருக்கிறது.

வைகை பிறப்பதும் இம்மலைகளில்தான். மழை நீரைப் பஞ்சுபோல் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுக விடுவது சோலையும் புல்வெளியும். அவை அழிந்தால் ஆற்றில் வெள்ளம் வரும், பின்னர் மணல் மட்டும் வரும். அல்லிநகரத்துக் கண்மாயின் அல்லியும், மதுரையின் குடிநீரும் இம்மலையோடு கட்டுண்டவை.

எல்லா வரவும் நல்வரவன்று

வந்தவை யாவும் விருந்தினராக நடந்துகொண்டன என்று கூற முடியாது. பூவுக்காக அமெரிக்காவிலிருந்து கொணரப்பட்ட உண்ணிச்செடி இன்று காட்டின் அடிநிலத்தை மூடிப் புல்லை அழிக்கிறது. புல்லை நம்பிய மான் இடம்பெயர்கிறது. விறகுக்கென்று வந்த சீமைக் கருவேலம் கண்மாய்களின் உள்ளேயே குடியேறிவிட்டது. அல்லி பூத்த இடத்தில் முள் நிற்கிறது.

சப்பாத்திக்கள்ளியின் கதை படிப்பினைக்குரியது. அமெரிக்காவிலிருந்து வந்த அது ஒருகாலத்தில் தென்னிந்தியாவின் விளைநிலங்களை விழுங்கியது. 1926ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கொணர்ந்த ஒருவகைச் செதிற்பூச்சி அதனைத் தின்று கட்டுக்குள் வைத்தது. அதே இனத்துக் கள்ளியை இத்தாலியத் தீவினர் வேலியாக வளர்த்துப் பழத்தை விரும்பி உண்கின்றனர். அவர்கள் அதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? இந்திய அத்தி! கொலம்பசு தாம் கண்ட நாட்டை இந்தியா என்று கருதியதன் விளைவு அது. நாம் அயல்நாட்டுக் களை என்று வெட்டியெறிந்ததை அயல்நாட்டார் நம் பெயரால் அழைத்துச் சுவைக்கின்றனர்.

ஆகவே ஒரு செடி எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிலும், வந்த இடத்தில் பிறரை வாழவிடுகிறதா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி. புளியும் திராட்சையும் அக்கேள்விக்கு நல்ல விடை சொல்கின்றன. கருவேலம் சொல்லவில்லை.

பந்தலின் கீழ்

திராட்சைக் குடியானவரின் வாழ்வு அவர் பழத்தைப்போல் இனிப்பன்று. பன்னீர் திராட்சையின் தோல் மெல்லியது, நெடுந்தொலைவு தாங்காது, பறித்த சில நாளில் விற்றாக வேண்டும். பழுக்கும் நேரத்தில் மழை பெய்தால் கனி வெடிக்கும். ஈரம் நின்றால் அடிச்சாம்பல் நோய் இலையைத் தின்னும். 1880களில் பிரான்சு நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவை இங்கும் தெளிக்கப்படுகிறது. அதற்குமேல் இன்னும் எத்தனையோ மருந்துகள். மருந்து வாங்கிய கடனுக்கும், வியாபாரி சொல்லும் விலைக்கும் இடையே குடும்பம் ஊசலாடுகிறது. மாம்பழம் வரும் பருவத்தில் திராட்சையைக் கேட்பார் குறைவு. கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்த செலவு மீள்வதற்குள் பந்தலைப் பிரித்துவிட்டு வேறு பயிருக்கு மாறியவர்களும் உளர்.

புவிசார் குறியீடு ஒரு பெயரைக் காக்கும். விலையைத் தானே கொண்டுவராது. பழச்சாறும் உலர்பழமும் செய்யும் கூடங்கள் ஊருக்குள் பெருகுவதும், உழவர் கூடி விற்பதும், ஆனைமலையன்பட்டியிலுள்ள திராட்சை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரை ஒவ்வொரு பந்தலுக்கும் எட்டுவதும், மருந்தின் அளவு குறைவதும் ஒருங்கே நிகழ்ந்தால்தான் இக்கொடி அடுத்த தலைமுறைக்குக் கிட்டும். வாங்கும் நமக்கும் பங்குண்டு. தொலைநாட்டுப் பழத்திற்குப் பேரம் பேசாமல் பணம் கொடுத்துவிட்டு, தெருவோரத்தில் தட்டுக்கூடையோடு அமர்ந்திருக்கும் பன்னீர் திராட்சைக்காரியிடம் ஐந்து ரூபாய்க்கு வழக்காடுவது நீதியாகுமா?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல், இவ்வுலகை நம் அனைவரின் பொது இல்லமாகக் காணச் சொல்கிறது. இல்லத்தில் மூத்தோரும் உண்டு, மருமக்களும் உண்டு. பிரண்டையும் உசிலையும் மூத்தோர். திராட்சை வாழ வந்த மருமகள். வீட்டைக் கெடுக்காத எவரையும் வெளியேற்றுவது நம் மரபன்று. மூத்தோரைப் பட்டினி போடுவதும் நம் மரபன்று.

ஞாயிறுதோறும் பீடத்தில் உயர்த்தப்படும் இரசத்தை நோக்கி, மனித உழைப்பின் பயன் என்று குரு செபிக்கும்போது, பந்தலின் கீழ் கழுத்து நோக அண்ணாந்து பிஞ்சு கழிக்கும் கைகளை நினைப்போம். பங்கிலுள்ள இளைஞர் இவ்வாண்டு மழைக்கு முன் தம் ஊர்க் கண்மாயின் கருவேல முள்ளில் ஒரு பகுதியையேனும் வேரோடு அகற்றுவார்களாயின், தண்ணீர் வந்து நிற்க இடம் கிடைக்கும். அல்லி அங்கே தானே பூக்கும்.